வக்கீல் அக்கா பதில்கள்: பேப்பரை முதல்ல கையில வாங்குங்க

ரிசல்ட் வந்து ரெண்டு வாரம் ஆச்சு, இந்த தடவ வந்த கடிதத்துல பாதிக்கு மேல பரிட்சை மார்க் பத்திதான். சேலம், ஆத்தூர், ஓமலூர், ஏற்காடுன்னு எல்லா பக்கமிருந்தும் வந்திருக்கு. அதனால இந்த வாரம் வேற கேள்வி எதுவும் எடுக்கல. காலேஜ் பேரு, யுனிவர்சிட்டி பேரு, வாத்தியார் பேரெல்லாம் எடுத்துட்டேன், எழுதின பிள்ளைங்களுக்கு நாளைக்கு சங்கடம் வரக்கூடாது பாருங்க.

கேள்வி: வணக்கம் அக்கா. ஏற்காட்டுக்கு மேல ஒரு கிராமம் எங்களுது, நாங்க மலையாளி பழங்குடி, எஸ்டி, அப்பா அம்மா ரெண்டு பேரும் காப்பி எஸ்டேட்ல வேலை. நான் சேலத்துல பிஎஸ்சி பிசிக்ஸ் முடிச்சேன். எல்லா பேப்பர்லயும் 75க்கு 50க்கு மேல, ஒரே ஒரு பேப்பர்ல மட்டும் 22ன்னு வந்து ஃபெயில். அடிஷனல் ஷீட் எல்லாம் வாங்கி எழுதினேன் அக்கா, 22 வர வாய்ப்பே இல்ல. போட்டோகாப்பிக்கும் ரீவேல்யூவேஷனுக்கும் ஆன்லைன்ல 7 நாள்தான் டைம் கொடுத்தாங்க, எங்க ஊர்ல சிக்னல் இல்ல, கீழ இறங்கி பிரவுசிங் சென்டருக்கு வந்தப்ப சைட் குளோஸ் ஆயிடுச்சு. எம்எஸ்சி சீட் போயிடும்போல இருக்கு. கோர்ட்டுக்கு போனா பேப்பரை திரும்ப திருத்த சொல்வாங்களா? எங்ககிட்ட வக்கீலுக்கு கொடுக்க காசு இல்ல. — பேர் வேண்டாம், ஏற்காடு

கண்ணு, உன் லெட்டரை மூணு தடவ படிச்சேன். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து கடைய சாத்திட்டாங்கன்னு திரும்பி போறது எப்படி இருக்கும்னு எனக்கு தெரியும், மனசு கேக்கல, அதான் உன் கேள்விக்கு நிறைய எழுதறேன், பொறுமையா படி.

முதல்ல, யுனிவர்சிட்டி போட்ட 7 நாள் கெடு அவங்களோட போட்டோகாப்பி, ரீவேல்யூவேஷன் ஸ்கீமுக்கு மட்டும்தான். உன் விடைத்தாளை வாங்க இன்னொரு வழி இருக்கு, அது தகவல் அறியும் உரிமைச் சட்டம், சுருக்கமா ஆர்டிஐ, 2005ல வந்தது. திருத்தின விடைத்தாளும் இந்த சட்டத்துல சொல்ற "தகவல்"தான், எழுதின பிள்ளை அதை பாக்கலாம், நகல் வாங்கலாம்னு சுப்ரீம் கோர்ட் 2011 ஆகஸ்ட்ல சிபிஎஸ்இ கேஸ்ல தெளிவா சொல்லிடுச்சு. திருத்தினவர் யாருன்னு மட்டும் தரமாட்டாங்க, அது அவரோட பாதுகாப்புக்காக. நமக்கும் அவர் பேர் தேவையில்ல, மார்க்தான் தேவை.

ஆனா அதே தீர்ப்புல ஒரு விஷயம் இருக்கு, இதைத்தான் பிள்ளைங்க கோட்டை விடறாங்க. பேப்பரை எத்தனை நாள் வெச்சிருக்கணும்னு யுனிவர்சிட்டி ரூல் இருக்கோ அத்தனை நாள்தான் நீ கேக்க முடியும், அதுக்கப்புறம் அழிச்சுட்டாங்கன்னா அழிச்சதுதான். அந்த கேஸ்ல சிபிஎஸ்இ வெச்சிருந்த கெடு 3 மாசம். உங்க யுனிவர்சிட்டிக்கு வேறயா இருக்கலாம், ஆனா நீ யோசிச்சுட்டு உக்காராத, இந்த வாரமே அனுப்பு.

எப்படி எழுதணும்னா, "பொது தகவல் அலுவலர்"னு போட்டு யுனிவர்சிட்டி அட்ரஸ் எழுது. உன் ரிஜிஸ்டர் நம்பர், பேப்பர் பேரு, சப்ஜெக்ட் கோடு, எந்த மாசம் எந்த வருஷ பரிட்சை, எல்லாம் போடு. கேக்க வேண்டியது, திருத்தின என் விடைத்தாளோட சான்றிட்ட நகல், அடிஷனல் ஷீட்டோட சேத்து எல்லா பக்கமும். அந்த பேப்பரோட கீ, அதாவது எந்த கேள்விக்கு எப்படி மார்க் போடணும்னு கொடுத்திருக்கிற ஸ்கீம். விடைத்தாளை எத்தனை நாள் பாதுகாக்கணும்கிற விதியோட நகல். கூடவே ஒரு வரி, "இந்த மனு முடியற வரைக்கும் என் விடைத்தாளை அழிக்க வேண்டாம்". எதுக்கு கேக்கறேன்னு காரணம் சொல்ல வேண்டியதே இல்ல, 6(2) பிரிவுல அது இருக்கு, கதை எழுதி பக்கத்தை நிரப்பாத. 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டு, ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுட்டு போஸ்ட் ஆபீஸ்ல டெலிவரி அத்தாட்சியோட ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பு. நேர்ல கொண்டு போய் கொடுத்தா உன் காப்பியில சீல் வாங்காம வராத.

30 நாள்ல பதில் தரணும். தரலன்னா, இல்ல மறுத்துட்டாங்கன்னா, அடுத்த 30 நாளுக்குள்ள அதே யுனிவர்சிட்டியில இருக்கிற மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் அப்பீல். அங்கயும் நடக்கலன்னா 90 நாளுக்குள்ள சென்னையில இருக்கிற மாநில தகவல் ஆணையத்துக்கு ரெண்டாவது அப்பீல். வேணும்னே தராத அலுவலருக்கு ஒரு நாளைக்கு 250 ரூபா, அதிகபட்சம் 25,000 வரைக்கும் அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கு. நிஜத்த சொல்லிடறேன், ரெண்டாவது அப்பீல் வரைக்கும் போச்சுன்னா மாசக்கணக்கா இழுக்கும், ஆனா முதல் அப்பீல் போட்ட உடனே பேப்பர் வந்த கேஸை நான் நிறைய பாத்திருக்கேன். "எங்க ஸ்கீம்ல இத்தனை ஆயிரம் கட்டுனாதான் காப்பி"ன்னு யாராச்சும் சொன்னா நம்பாத, ஆர்டிஐல கேட்டா ஆர்டிஐ கட்டணம்தான்னு கம்பெனி செக்ரட்டரி இன்ஸ்டிட்யூட் கேஸ்ல 2019ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு.

இது ஒரு பக்கம் ஓடட்டும், அதே நாள்ல தேர்வாணையருக்கு, நீங்கல்லாம் சிஓஈன்னு சொல்வீங்களே அவருக்கு, தனியா ஒரு லெட்டர் போடு. மலைகிராமம், சிக்னல் இல்ல, கெடுவுக்குள்ள விண்ணப்பிக்க முடியல, தாமதத்தை மன்னிச்சு ரீவேல்யூவேஷனுக்கு எடுத்துக்கோங்கன்னு. எந்த நாள் இறங்கி வந்தன்னு பஸ் டிக்கெட்டோ பிரவுசிங் சென்டர் பில்லோ இருந்தா ஜெராக்ஸ் வை. அவர் ஒத்துக்கணும்னு கட்டாயம் இல்ல, ஆனா நாளைக்கு ஹைகோர்ட்ல "நீ ஏன் அப்பவே கேக்கல"ன்னு கேட்டா காட்ட இந்த லெட்டர் வேணும்.

பேப்பர் கையில வந்ததும் அழாத, சந்தோஷமும் படாத, பென்சில் எடுத்துக்கோ. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பையன் (பேர் வேண்டாம்) கோர்ட்டுக்கு எதிர்ல இருக்கிற டீக்கடையில என்கிட்ட ஒரு கட்டு ஜெராக்ஸை நீட்டினான். முதல் பக்கத்துல கட்டம் கட்டமா இருக்குமே, கேள்வி நம்பர் போட்டு மார்க் எழுதறது, அதை நான் படிக்க படிக்க அவன் உள்பக்கத்தை புரட்டினான். 16, சரி. 17, சரி. 18ல உள்ள சிவப்பு இங்க்ல வட்டம் போட்டு 8ன்னு இருக்கு, முதல் பக்கத்து கட்டத்துல கோடு. வெறும் ஒரு கோடு. அவனுக்கு பாஸ் ஆக 5 மார்க்தான் குறைஞ்சது. அந்த பக்கத்து நகலை வெச்சு ஒரே ஒரு லெட்டர், கோர்ட் வாசப்படி கூட ஏறல, புது மார்க்‌ஷீட் வந்துடுச்சு. அவன் கையில இருந்த டீ ஆறிப்போய் மேல ஆடை கட்டிடுச்சு, அது இன்னும் ஞாபகத்துல இருக்கு.

நீயும் அதையேதான் தேடணும். கூட்டல் தப்பா? உள்ள போட்ட மார்க் முன்னாடி ஏறலயா? ஏதாச்சும் விடைமேல சிவப்பு மையே படலயா, அதாவது திருத்தாமயே விட்டுட்டாங்களா? நீ வாங்கின அடிஷனல் ஷீட் கட்டுல இருக்கா, நூல் அவுந்து விழுந்துருச்சா? கையெழுத்து உன்னோடதுதானா? டம்மி நம்பர், அதாவது யார் பேப்பர்னு தெரியாம இருக்க போடற நம்பர், அது மாறி அடுத்தவங்க பேப்பர் உன் பேர்ல ஏறினதும் நடந்திருக்கு. 22ன்னு வந்ததை பாத்தா எனக்கு என்னமோ அடிஷனல் ஷீட் மேலதான் சந்தேகம். ஹால்ல அடிஷனல் ஷீட் வாங்கினதுக்கு நம்பர் போட்டு ரெக்கார்ட் வெச்சிருந்தா அதோட நகலையும் ஆர்டிஐல கேட்டுடு.

இதுல ஒண்ணு கிடைச்சாலும் உன் கை ஓங்கிடும். எதுவும் இல்லாம "10 மார்க் போட வேண்டிய எடத்துல 4 போட்டிருக்கார்"னு மட்டும் இருந்தா, அது கோர்ட்ல நிக்கறது ரொம்ப கஷ்டம். கோர்ட் திரும்ப திருத்த சொல்லுமான்னு கேட்டியே, அதுக்கு பதில் இதுதான். யுனிவர்சிட்டி ரூல்ல மறுமதிப்பீடு இல்லன்னா அதை உரிமையா கேக்க முடியாதுன்னு 1984லயே மகாராஷ்டிரா போர்டு கேஸ்ல சுப்ரீம் கோர்ட்ல சொல்லிட்டாங்க. 2017 டிசம்பர்ல ரண்விஜய் சிங் கேஸ்ல இன்னும் இறுக்கமா சொன்னாங்க, ஜட்ஜ் பேப்பர் திருத்தக்கூடாது, தப்பு பளிச்சுன்னு தெரியணும், நீட்டி முழக்கி விளக்கி காட்ட வேண்டிய தப்பா இருக்கக்கூடாது, சந்தேகம் வந்தா அது பரிட்சை நடத்தறவங்க பக்கம்தான், இரக்கத்துக்கு இங்க வேலை இல்லன்னு. படிக்க கசப்பாதான் இருக்கும். ஆனா திருத்தாம விட்டது, கூட்டாம விட்டது, ஷீட்டை தொலைச்சதெல்லாம் பளிச்சுன்னு தெரியற தப்பு, அதுக்கு கோர்ட் கதவு தொறந்துதான் இருக்கு.

ரூலே இல்லன்னு யுனிவர்சிட்டி கை விரிச்சா இன்னொண்ணு ஞாபகம் வெச்சுக்கோ. ஆந்திராவுல என்டிஆர் மருத்துவ யுனிவர்சிட்டி கேஸ்ல, திருத்தினதுல கோளாறுன்னு தெரிஞ்சா தனி ரூல் இல்லன்னாலும் துணைவேந்தர் மறுமதிப்பீட்டுக்கு உத்தரவு போடலாம்னு சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கிச்சு. அதனால சிஓஈ லெட்டரோட ஒரு காப்பி துணைவேந்தருக்கும் போகட்டும்.

கோர்ட்டுன்னா இங்க ஹைகோர்ட், அரசியலமைப்புச் சட்டம் 226வது பிரிவுல ரிட் மனு. சேலம் மாவட்டம் சென்னை பெஞ்சுக்குதான் போகும், மதுரைக்கு இல்ல. காசை நினைச்சு பயப்படாத. 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டத்துல 12வது பிரிவு, பொண்ணுங்களுக்கும் எஸ்சி எஸ்டிக்கும் வருமானம் பாக்காம இலவச வக்கீல். நீ ரெண்டு கணக்குலயும் வர. அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்துலயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கு, சாதி சான்றிதழ், ஆதார், மார்க்‌ஷீட் ஜெராக்ஸ் எடுத்துட்டு போ, ஹைகோர்ட் கேஸ்னா அங்கிருந்து சென்னை ஹைகோர்ட் சட்டப்பணிக் குழுவுக்கு அனுப்புவாங்க. 15100ன்னு ஒரு நம்பர், போன் போட்டும் கேக்கலாம்.

அரியர் பரிட்சைக்கு பணம் கட்டறதை மட்டும் விட்டுடாத. கட்டும்போது "என் கோரிக்கையை விட்டுக்கொடுக்காம, வருஷம் வீணாகக்கூடாதுன்னு கட்டறேன்"னு சிஓஈக்கு ஒரு வரி எழுதி அனுப்பிடு.

கேள்வி: அம்மா, நான் அம்மாபேட்டையில தறி ஓட்டறவன். பையனுக்கு ரிசல்ட்ல "ஆப்சென்ட்"னு போட்டுட்டாங்க, அவன் பரிட்சை எழுதினதை கூட எழுதின பசங்க எல்லாம் பாத்திருக்காங்க. பணம் கட்டித்தான படிக்க வெச்சோம், கன்ஸ்யூமர் கோர்ட்ல நஷ்டஈடு கேட்டு போடலாம்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்றார், போடலாமா? — ஒரு அப்பா

ஐயா, போடாதீங்க. அங்க நிக்காது. பீகார் போர்டு கேஸ் ஒண்ணு, ஒரே ரோல் நம்பரை ரெண்டு பசங்களுக்கு கொடுத்துட்டாங்க, அதுல ஒருத்தன் ரிசல்ட்டே வரல, வருஷம் போச்சு. கன்ஸ்யூமர் கோர்ட் நஷ்டஈடு கொடுத்தது, கடைசியா 2009ல சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணிட்டு, பரிட்சை நடத்தறது வியாபார சேவை கிடையாது, மாணவன் நுகர்வோர் கிடையாதுன்னு சொல்லிடுச்சு. அடுத்த வருஷம் இன்னொரு யுனிவர்சிட்டி கேஸ்லயும் அதேதான். அந்த பையனோட அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்னு நான் நினைச்சு பாத்திருக்கேன், ஆனா சட்டம் இன்னிக்கு அப்படித்தான் இருக்கு, அதுல போய் உங்க தறிக்காசை கொட்ட வேண்டாம்.

உங்க பையன் விஷயம் உண்மையில சுலபமானது. ஹால்ல ஒவ்வொருத்தரும் கையெழுத்து போடற அட்டென்டன்ஸ் ஷீட் இருக்கும், அதுல விடைத்தாள் நம்பரும் இருக்கும். ஹால் டிக்கெட்ல சூப்பர்வைசர் கையெழுத்து போட்டிருந்தா இன்னும் நல்லது, அதை லேமினேட் பண்ணாதீங்க, அப்படியே பத்திரமா வைங்க. ரெண்டோட ஜெராக்ஸையும் காலேஜ் பிரின்சிபால் கவரிங் லெட்டரோட சிஓஈக்கு அனுப்புங்க. அட்டென்டன்ஸ் ஷீட் நகலை காலேஜ் தர மாட்டேன்னா ஆர்டிஐல கேளுங்க. பெரும்பாலும் அந்த பேப்பர் வேற கட்டுல கலந்து கிடக்கும், தேடினா வரும். தேடவே மாட்டேங்கறாங்கன்னா அப்ப ஹைகோர்ட்டுக்கு போலாம், இதுல மதிப்பீடு சரியா தப்பாங்கற கேள்வியே இல்லாததால நம்ம பக்கம் பலமா இருக்கும்.

கேள்வி: இன்டர்னல்ல 25க்கு 6 போட்டிருக்கார். கிளாஸ்ல ஒரு தடவ அவரை எதிர்த்து பேசினதுக்காக. மூணு இன்டர்னல் டெஸ்ட்லயும் நான் நல்ல மார்க், அசைன்மென்ட் எல்லாம் கொடுத்தேன். இதுக்கு ரீவேல்யூவேஷனும் கிடையாதாம். — மாணவர், ஓமலூர்

தம்பி, இதுக்குன்னே யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2023ல மாணவர் குறைதீர்ப்பு விதிமுறை கொண்டு வந்திருக்கு. ஒவ்வொரு காலேஜ்லயும் மாணவர் குறைதீர்ப்பு குழு இருக்கணும், வெளிப்படையில்லாத, நியாயமில்லாத மதிப்பீடும் அங்க புகார் கொடுக்கக்கூடிய விஷயம்தான். புகார் வந்து 15 வேலை நாளுக்குள்ள குழு அறிக்கை தரணும். அதுல திருப்தி இல்லன்னா 15 நாளுக்குள்ள யுனிவர்சிட்டி ஓம்புட்ஸ்பர்சன்கிட்ட, அதாவது குறைகேட்பு அதிகாரிகிட்ட அப்பீல், ரிட்டயர்டு துணைவேந்தரோ பேராசிரியரோ மாவட்ட நீதிபதியோ அந்த பொறுப்புல இருப்பாங்க, அவர் 30 நாள்ல முடிக்கணும். ஆனா கவனி, வெறுமனே மார்க் கம்மி, திரும்ப திருத்துங்கன்னு போனா அவர் எடுக்க மாட்டார், ரிசல்ட்டையே பாதிக்கற அளவுக்கு இன்ன முறைகேடு, இல்ல இன்ன பாரபட்சம்னு குறிப்பிட்டு காட்டினாதான் எடுப்பார், விதியிலயே அப்படி இருக்கு.

அதனால புகார்ல "என்னை பிடிக்காது"ன்னு எழுதாத. இன்ன தேதி டெஸ்ட்ல இவ்வளவு மார்க், திருத்தின பேப்பர் இணைச்சிருக்கேன், அசைன்மென்ட் இன்ன தேதி கொடுத்தேன், அட்டென்டன்ஸ் இவ்வளவு சதவீதம், 25ஐ எப்படி பிரிச்சு போடணும்னு சிலபஸ் புக்ல இருக்கு, அந்த கணக்குப்படி எனக்கு இவ்வளவு வரணும், போட்டது 6. முடிஞ்சுது. கணக்கை அவங்க கண்ணு முன்னாடி வை, கோபத்தை வீட்ல விட்டுட்டு போ. அந்த திருத்தின டெஸ்ட் பேப்பர் எல்லாம் இன்னும் உன்கிட்ட இருக்கா? பல பேர் எடைக்கு போட்டுட்டு வந்து நிக்கறாங்க, அதான் கேக்கறேன். இனிமே படிக்கப்போற தம்பி தங்கச்சிங்க இன்டர்னல் டெஸ்ட் பேப்பர் ஒவ்வொண்ணையும் அன்னிக்கே போட்டோ எடுத்து வைங்க.

கேள்வி: கொஸ்டின் பேப்பர்ல ஒரு கேள்விக்கு சரியான விடைன்னு கீயில தப்பான ஆப்ஷன் போட்டிருக்காங்க. எங்க டெக்ஸ்ட்புக்லயே வேற இருக்கு. — நாலு மாணவிகள், சேலம் நாலு ரோடு

இதுல உங்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. 1983ல கான்பூர் யுனிவர்சிட்டி கேஸ், மருத்துவ நுழைவுத்தேர்வு. கீ சரின்னுதான் எடுத்துக்கணும், ஆனா தப்புன்னு தெளிவா நிரூபிச்சா கோர்ட் தலையிடலாம்னு சொல்லி சுப்ரீம் கோர்ட் பிள்ளைங்க பக்கம் நின்னுச்சு, அந்த பிள்ளைங்க கொண்டு போனது டெக்ஸ்ட்புக்தான். நீங்களும் சிலபஸ்ல சொல்லியிருக்கிற புத்தகத்தோட பக்கத்தை, பதிப்பு வருஷத்தோட ஜெராக்ஸ் எடுங்க, ரெண்டு மூணு புத்தகம் இருந்தா நல்லது. கைடு நோட்ஸ், நெட்ல எடுத்ததெல்லாம் வைக்காதீங்க. உங்க டிபார்ட்மென்ட் மேடமே "ஆமா தப்புதான்"னு எழுதி கொடுத்தா அது பெரிய பலம். நாலு பேரும் தனித்தனியா கையெழுத்து போட்டு அனுப்புங்க.

கேள்வி: ரீவேல்யூவேஷன் போட்டா பாஸ் ஆக்கி தர்றேன், பேப்பருக்கு இவ்வளவுன்னு ஒருத்தர் போன் நம்பர் கொடுத்தார். நிறைய பேர் கட்டியிருக்காங்களாம். — ஆத்தூர்

வேண்டவே வேண்டாம். அண்ணா யுனிவர்சிட்டி மறுமதிப்பீட்டுல பணம் கைமாறினதா 2018ல லஞ்ச ஒழிப்புத்துறை வழக்கு போட்டது உனக்கு ஞாபகம் இருக்கும், ஊரே பேசுச்சு. அதே வருஷம் சட்டத்தை திருத்தி, லஞ்சம் வாங்கறவர் மட்டுமில்ல கொடுக்கறவரும் குற்றவாளின்னு ஆக்கிட்டாங்க. கட்டாயப்படுத்தி வாங்கினாங்கன்னா 7 நாளுக்குள்ள புகார் கொடுத்தாதான் தப்பிக்க முடியும். அந்த ஆள் அனுப்பின மெசேஜ், கால் ரெக்கார்ட் எதையும் அழிக்காம லஞ்ச ஒழிப்புத்துறைக்கு போ. நேர்மையா உக்காந்து திருத்தற எத்தனையோ வாத்தியார் இருக்காங்க, ஒரு நாள் பூரா கட்டு கட்டா பேப்பர் முன்னாடி குனிஞ்சு கண்ணு எரிய எரிய திருத்தறவங்க, இந்த புரோக்கருங்களால அவங்க பேரும் கெடுது, எனக்கு ஆத்திரமா வருது.

கேள்வி: கேஸ் போட்டா அடுத்த பேப்பர்ல பழி வாங்குவாங்களா? — பேர், ஊர் வேண்டாம்

இந்த கேள்வி ஒரே வாரத்துல ஒன்பது பேர் கேட்டிருக்கீங்க. யுனிவர்சிட்டி பேப்பர் டம்மி நம்பர் போட்டுதான் திருத்த போகுது, யார் பேப்பர்னு திருத்தறவருக்கு தெரியாது, அங்க பயமில்ல. பயம் இருக்கிறது பிராக்டிக்கல், வைவா, இன்டர்னல்ல. அதனால எதையும் வாய்ல பேசாதீங்க, எழுதி கொடுங்க, சீல் வாங்குங்க, தேதி போட்ட காப்பி ரெண்டு செட் வெச்சு ஒண்ணை வீட்டுக்கு வெளிய நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட கொடுங்க. நாலு பேரா சேந்து கொடுத்தா இன்னும் தைரியமா இருக்கும்.

ஏற்காட்டு பொண்ணுக்கு மறுபடி ஒரு வார்த்தை. ஆர்டிஐ மனு எழுத தயக்கமா இருந்தா திங்கக்கிழமை காலைல முதல் பஸ்ல இறங்கி அஸ்தம்பட்டிக்கு வா, சட்டப்பணிகள் ஆணைக்குழுவுலயே உக்காந்து எழுதிக்கலாம், நானும் அன்னிக்கு கோர்ட்லதான் இருப்பேன். ஹால் டிக்கெட்டை மடிக்காம ஒரு ஃபைல்ல போட்டு எடுத்துட்டு வா. அப்பாவையும் கூட்டிட்டு வா கண்ணு.